பொருள்: ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் நடுவழியில் நின்ற கார், பிடித்து வைத்த 850 பவுண்டைத் திருப்பிக் கேட்டு ஐந்தாவது கடிதம்

ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் அனுப்பிய நான்கு மின்னஞ்சல்களுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்ற ஒரே பதில்தான் வந்தது. அது மெஷின் அனுப்புவது என்று என் எட்டு வயது மகளுக்கே தெரிகிறது. அதனால் இந்த முறை தாளில் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன்.

உங்கள் டிராவல்ஸ் வழியாக எடுத்த கார் புக்கிங் விவரம் உங்களிடமே இருக்கிறது. எடின்பரோ ஏர்போர்ட்டில் எடுத்து அங்கேயே விடுகிற அந்த ஏழு நாள் செல்ஃப் டிரைவ். 'ஜீரோ எக்ஸஸ்' இன்சூரன்ஸ் சேர்த்துத்தான் எடுத்தேன். அதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, விற்றவர்கள் நீங்கள். "எந்த டேமேஜ் ஆனாலும் உங்க கையை விட்டுப் பைசா போகாது சார்" என்று கோவை கிளையில் சொல்லித்தான் 14,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வைத்தார்கள்.

ஜூன் 14, சனிக்கிழமை. ஸ்கை தீவில் ஸ்டாஃபினிலிருந்து குவிராங் மலை ஏறி யூயிக் போகிற ரோடு. ஒரு வண்டி போகிற அகலம்தான். எதிரே யாராவது வந்தால் 'பாசிங் பிளேஸ்' என்று வெள்ளைப் பலகை வைத்த இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒரு கேம்பர் வேனுக்கு ஒதுங்கினேன். தார் உடைந்த விளிம்பில் முன் டயர் உரசி, பக்கவாட்டில் விரல் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. டிக்கியில் இருந்த ஐந்து பேரின் பெட்டிகளையும் ரோட்டோரம் இறக்கிவிட்டு டிக்கிக்குள் இருந்த விரிப்பைத் தூக்கினால், ஸ்டெப்னி இல்லை! ஒரு சின்ன பம்ப், ஒரு பாட்டில் பசை. அதை ஏற்றினோம். கிழிசல் வழியாக அரிசிக் கஞ்சி மாதிரி வெளியே வழிந்தது. ஆணி குத்தின ஓட்டைக்குத்தான் அந்தப் பசை, பக்கச் சுவர் கிழிந்தால் உதவாது. இதுவும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

போனில் சிக்னல் இல்லை. பொடிப்பூச்சி மொய்க்கிறது. 71 வயது அம்மா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு இரண்டு மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். பிக்கப்பில் வந்த ஓர் ஆட்டுப்பண்ணைக்காரர்தான் சிக்னல் கிடைக்கும் இடம் வரை என்னைக் கூட்டிப்போனார். அவருக்கு நான் ஒரு பைசா கட்டியிருக்கவில்லை.

அங்கிருந்து உங்கள் 24 மணி நேர உதவி எண்ணுக்குப் போட்டேன். எடுத்த தம்பி என்ன சொன்னார் தெரியுமா? "டயரைப் பார்த்து ஓட்டத் தெரியாதவங்க எதுக்கு சார் செல்ஃப் டிரைவ் எடுக்கறீங்க?" இருபத்திரண்டு வருடமாக வால்பாறை மலையில் ஏறி இறங்குகிறவன் நான். பேச்சைப் பதிவு செய்வதாக உங்கள் போனே சொல்கிறது. எடுத்துக் கேளுங்கள். பின்னால் யாரோ சிரிப்பதும் கேட்கும்.

அதே தம்பிதான் மாற்று வண்டி இன்வெர்னஸ் நகரில் தயார் என்றார். ஞாயிறு காலை மகனோடு ஸ்கை தீவின் போர்ட்ரீ ஊரிலிருந்து டாக்ஸியில் 180 கிலோமீட்டர். ஐலன் டோனன் கோட்டையை மீட்டரைப் பார்த்தபடியே கடந்தோம். போய்ச் சேர்ந்தால், ஞாயிறு விடுமுறை என்று கண்ணாடிக் கதவில் சீட்டு ஒட்டியிருக்கிறது. திரும்ப பஸ். வண்டி வந்தது திங்கள் மாலை. க்ளென்ஃபினன் பாலத்தின் 21 வளைவுகள் மேல் போகும் நீராவி ரயிலுக்கு திங்கள் காலைக்கு ஐந்து டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம். அந்த ஒரு நாளுக்காகத்தான் மகள் லண்டன்கூட வேண்டாம் என்றாள். மொத்தப் பயணமும் பாழ். க்ளென்கோ பள்ளத்தாக்கைப் பார்த்தோம், இல்லை என்று சொல்லவில்லை. அது டயர் கிழிவதற்கு முன்னால்.

சொல்ல மறந்துவிட்டேன், மகளைக் காரில் உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட்டும் கவுன்டரில் இல்லை. அங்கே 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வரை அது சட்டப்படி கட்டாயம். பணம் வாங்கிக்கொண்டு அதையும் தரவில்லை. நானே கடையில் வாங்கினேன்.

இப்போது டயருக்கும் இழுவை வண்டிக்கும் என்று கார்டில் 850 பவுண்டு எடுத்திருக்கிறார்கள். உங்களைக் கேட்டால் அங்குள்ள கார் கம்பெனியைக் கேள் என்கிறீர்கள். அவர்கள் உங்களைக் கேட்கச் சொல்கிறார்கள். கோவை கிளைக்கு மூன்று முறை லீவு போட்டு வந்தேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்த மேடத்துக்கு நன்றி. மேனேஜர் மூன்று முறையும் மீட்டிங்கில் இருந்தார்.

தயவுசெய்து பணத்தை 15 நாளில் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்வேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். அப்போது கேட்பது 850 பவுண்டு இல்லை, மன உளைச்சலுக்கும் சேர்த்து ஐந்து லட்சம். அந்த நிலைக்குக் கொண்டுபோக மாட்டீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன்.

டயர் படம், டாக்ஸி ரசீது, ரயில் டிக்கெட், கதவில் இருந்த சீட்டின் படம் எல்லாம் இணைத்திருக்கிறேன். பதில் சொல்ல யார் வேண்டுமானாலும் அழைக்கலாம், அந்தத் தம்பி மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், கோயம்புத்தூர்