1948ஐ ஒரு வரியில் முடிக்காதே

பாரதிபுரம்,
கிளிநொச்சி.

அன்பு மகளுக்கு,

உயர்தர வரலாற்றைப் பாடமாக்க முடியவில்லை, ஆண்டுகள் எல்லாம் குழம்புகிறது என்று போனில் சொன்னாய். போனில் பேசி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன். கோல்புறூக், சோல்பரி என்ற அரசியல் சீர்திருத்தக் குழுக்களை எல்லாம் டீச்சர் பார்த்துக்கொள்வார். எனக்குச் சொல்ல இருப்பது 1948 பற்றித்தான்.

உன் கொப்பியில் 'பிரசாவுரிமைச் சட்டம் - 1948' என்று ஒரே வரி இருந்தது. அதற்கு முன்னால் போ. 1931இல் டொனமூர் அரசியல் யாப்புத் திட்டம் சர்வசன வாக்குரிமை தந்தது. நிபந்தனைகளோடுதான், ஆனாலும் இந்தியாவிலிருந்து வந்து மலையகத் தோட்டங்களில் வேலை செய்த நம் ஆட்களில் நிறையப் பேர் வாக்களித்தார்கள். 1947 தேர்தலில் அவர்களின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே டி.எஸ். சேனநாயக்க அரசு இந்தச் சட்டத்தைக் கொண்டுவருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், காரணம் தானாகத் தெரியும்.

இங்கே பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும். லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவன் தகப்பனின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவான்? 1949இல் வாக்கும் போனது. இந்தப் பிரச்சினையில்தான் வடக்குத் தமிழரின் கட்சியான தமிழ்க் காங்கிரஸ் பிளந்தது. அந்த டிசம்பரிலேயே செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஆகவே மலையகத்தையும் வடக்கையும் இரண்டு வினாவாகப் படிக்காதே.

அப்புறம் 1964, இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்களான 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். 1974இல் அவர்களையும் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். நம் ஊரில் வயலைப் பிரிப்பதென்றாலும் உரியவர்களைக் கூப்பிட்டு இருத்திப் பேசுவார்கள். இங்கே அந்தச் சனத்தை யாரும் கேட்கவில்லை.

உன் தாத்தா 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர். இங்கேயும் மலையாளபுரத்திலும் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான். 'தோட்டக்காட்டான்' என்று நம்மை இங்கேயும் சொன்னார்கள். பரீட்சையில் அதை எழுதத் தேவையில்லை, உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்குப் பிரசாவுரிமை கொடுக்க 2003இல் ஒரு சட்டம் வந்தது. கட்டுரையை அதுவரை கொண்டுபோ. எழுதியதைப் படம் எடுத்துத் தம்பியின் போனுக்கு அனுப்பு, என் போனில் எழுத்துத் தெரியாது. விடுதிக் காசு வெள்ளிக்கிழமை போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா