வடிவமைப்பு ஆவணங்களை எங்கே வைக்கப்போகிறோம்? வழிநடத்தும் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் திறந்த மூல மென்பொருள் திட்டத்தின் வழிநடத்தும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வடிவமைப்புக் குறிப்புகள், கூட்டக் குறிப்புகள், வெளியீட்டுத் திட்டம் எல்லாவற்றையும் இனி ஒரே இடத்தில் வைக்கலாம் என்று நீங்கள் முடிவெடுத்திருப்பதை மனதார வரவேற்கிறேன். ஆளுக்கொரு இடத்தில் எழுதி, இணைப்பைத் தேடி அலைந்தது போதும். ஆனால் அந்த ஒரே இடம் கூகுள் டாக்ஸாக இருக்கட்டும் என்று பேச்சு அடிபடுகிறது. எல்லோருக்கும் பழகிய கருவி என்பதுதான் காரணமாம். வாக்கெடுப்புக்கு முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

கூகுள் டாக்ஸ் மோசமான கருவி என்று சொல்ல வரவில்லை. பலர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்தாலும் தடுமாறாது. மூல வரியைக் கலைக்காமல் திருத்தம் பரிந்துரைப்பது, ஓரத்தில் கருத்து எழுதி விவாதிப்பது இரண்டிலும் நான் பயன்படுத்திய மற்றவற்றைவிட அது மேல். அந்த ஆவணம் யார் கணக்கில் இருக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை.

நம் சேமிப்பகப் பகுதியை மாற்றி எழுதிய கமிட்டை, அதாவது அந்த நிரல் மாற்றத்தின் பதிவை, எடுத்துப் பாருங்கள். விளக்கம் ஒரே வரி: ‘காரணங்களுக்கு வடிவமைப்பு ஆவணத்தைப் பார்க்கவும்.’ கீழே ஒரு இணைப்பு. சொடுக்கினால் உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு பக்கம் வருகிறது. எழுதியவர் அதைத் தன் அலுவலகக் கணக்கில் தொடங்கியிருக்கிறார். அவர் வேலை மாறினார், கணக்கு முடக்கப்பட்டது, அந்த நிறுவனம் வெளியாருடன் பகிர்வதையும் நிறுத்திவிட்டது. யார் மீதும் குற்றமில்லை. ஆனால் ஒரே தரவை ஒரே நேரத்தில் இருவர் மாற்றாமல் தடுக்கும் இரண்டு பூட்டுகளை ஏன் அந்த வரிசையில் எடுக்கிறோம் என்று புதிதாக வருபவர் கேட்டால், நம்மில் ஒருவராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் அந்தப் பகுதியைத் தொடவே எல்லோரும் தயங்குகிறோம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதுபவர்கள், நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்ய 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியுரிமைக் கருவியை இலவச உரிமத்தில் பயன்படுத்தினார்கள். 2005 ஏப்ரலில் அந்தச் சலுகை போனதும் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு மாற்றாக கிட் என்ற கருவியை எழுத வேண்டிவந்தது. அவர்களால் முடிந்தது; நம்மிடம் அந்த ஆள்பலம் இல்லை. சேர்ந்து எழுதுவதற்கென்றே 2009-இல் அறிவிக்கப்பட்ட கூகுள் வேவின் வளர்ச்சி 2010 ஆகஸ்டிலேயே நிறுத்தப்பட்டது. திறந்த மூலத் திட்டங்களின் நிரலை வைக்க இடம் தந்த கூகுள் கோட் 2016-இல் மூடப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. கூகுள் சேவைகள் சீனாவில் திறப்பதில்லை. 2019-இல் அமெரிக்கத் தடைகளைக் காரணம் காட்டி நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஈரானியர்களின் கணக்குகள் கட்டுப்படுத்தப்பட்டதையும் பார்த்தோம். யார் வேண்டுமானாலும் பங்களிக்கலாம் என்று முகப்பில் எழுதிவைத்துவிட்டு, முடிவெடுக்கும் இடத்தைச் சிலருக்கு மட்டும் திறக்கும் கதவுக்குப் பின்னால் வைப்பது நியாயமில்லை.

என் யோசனை, வரைவை எழுதும் இடமும் முடிவைக் காக்கும் இடமும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பது. ஒரே கருவி இரண்டையும் செய்ய வேண்டும் என்று நினைப்பதால்தான் இத்தனை இழுபறி.

வரைவுக்கு, பலர் சேர்ந்து உலாவியில் எழுத உதவும் திறந்த மூலக் கருவிகளான ஈதர்பேடோ ஹெட்ஜ்டாக்கோ போதும். ஈதர்பேடின் கதையே இங்கே பொருந்தும். 2009 டிசம்பரில் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கி, சேவையை மூடப்போவதாகச் சொன்னது. பயனர்கள் எதிர்த்ததும் அதே மாதம் மூலநிரல் திறந்து விடப்பட்டது. அதனால்தான் இன்றும் யார் வேண்டுமானாலும் அதைத் தன் சர்வரில் ஓட்ட முடிகிறது. கணக்கு தேவையில்லை, எழுதுபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். நேரக்கோட்டைப் பின்னால் இழுத்தால் ஆவணம் எழுத்தெழுத்தாக வளர்ந்த விதம் தெரியும். யாராவது தவறி முழுதும் அழித்துவிட்டாலும் அங்கிருந்தே மீட்கலாம். கூட்டக் குறிப்புக்கு இதைவிட எளிதானது இல்லை. நீண்ட ஆவணத்துக்கும் அட்டவணைக்கும் மட்டும் அது சரிப்படாது. அங்கே ஹெட்ஜ்டாக் நல்லது. எளிய குறிகள் கொண்ட உரை வடிவமான மார்க்டவுனிலேயே எழுதுவதால், அப்படியே எடுத்து நம் நிரல் இருக்கும் களஞ்சியத்தில் வைத்துவிடலாம்.

முடிவானதும் அந்த உரை கிட் களஞ்சியத்துக்குள் வந்தே ஆகவேண்டும். பைத்தான் நிரல்மொழித் திட்டம் 2000 முதல் தன் மேம்பாட்டு முன்மொழிவுகளை இப்படித்தான் எளிய உரைக் கோப்புகளாக வைத்திருக்கிறது. ரஸ்ட் என்ற நிரல்மொழியும் 2014 முதல் அதே வழியில் போகிறது. பைத்தானில் எனக்கு மிகவும் பிடித்தது, நிராகரிக்கப்பட்டவையும் காரணத்தோடு அங்கேயே இருப்பது. ஏற்றுக்கொண்ட யோசனையை நிரலைப் பார்த்து ஓரளவு ஊகித்துவிடலாம். வேண்டாம் என்று விட்டதை எங்கே போய்ப் பார்ப்பது? ஒரே யோசனை வருடத்துக்கு ஒருமுறை நம்மிடம் புதிதுபோல் வருவதும், அதே விவாதத்தை முதலிலிருந்து தொடங்குவதும் அந்தப் பதிவு இல்லாததால்தான்.

மொழிபெயர்ப்பாளர்களும் வடிவமைப்பாளர்களும் கிட் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அவர்கள் பேடில், அதாவது வரைவுப் பக்கத்தில், எழுதட்டும், நம்மில் ஒருவர் களஞ்சியத்தில் சேர்ப்போம். ஆனால் கமிட்டில் இணை ஆசிரியர்களாக அவர்கள் பெயர் கட்டாயம் வரவேண்டும். உழைத்தவர் பெயர் சேர்த்தவர் பெயருக்குள் மறைந்துபோகக் கூடாது.

பாதுகாப்புக் குறைபாடுகளும் நடத்தை குறித்த புகார்களும் திறந்த பேடில் வரவே கூடாது. அவற்றுக்கு கிரிப்ட்பேட் வைத்துக்கொள்வோம். உலாவியிலேயே மறையாக்கம் நடப்பதால் சர்வரை நடத்துபவராலும் படிக்க முடியாது. திறவுகோல் இணைப்புக்குள்ளேயே இருப்பதால் அந்த இணைப்பை அரட்டையில் ஒட்டாமல் இருப்பது நம் பொறுப்பு.

சர்வரை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி நியாயமானது. தன்னார்வலர் நடத்தும் சர்வர் ஒருநாள் படுக்கும்தான். ஆனால் முடிவான உரைகள் களஞ்சியத்தில் இருந்தால், போவது அந்த வார வரைவு மட்டுமே. அதையும் தவிர்க்க, தினசரி காப்புநகலோடு ஈதர்பேடை நிறுவி முதல் ஆண்டு முழுவதும் பராமரிக்க நான் தயார். இன்னொரு பங்களிப்பாளரும் உடன் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்களிடம் கேட்பது இரண்டு. வாக்கெடுப்புக்கு முன் ஒவ்வொரு கருவியிலிருந்தும் ஓர் ஆவணத்தை வெளியே எடுத்து, கருத்துகளில் எவ்வளவு கூடவருகிறது, திருத்த வரலாற்றில் எவ்வளவு கூடவருகிறது என்று நீங்களே பாருங்கள். அடுத்து, கமிட்களில் சுட்டப்பட்டிருக்கும் வெளி ஆவணங்களின் பட்டியலை நான் எடுத்துத் தருகிறேன். அவற்றை எழுதியவர்கள் நம்மோடு இருக்கும்போதே ஒவ்வொருவரிடமும் கேட்டு, களஞ்சியத்துக்குள் கொண்டுவர இந்தக் கூட்டத்திலேயே ஒருவரைப் பொறுப்பாக நியமியுங்கள்.

அன்புடன்,
ஆவணப் பணியில் உங்களோடு இருக்கும் ஒரு பங்களிப்பாளர்