கிடாவும் திரையும்

டர்பன், தென்னாப்பிரிக்கா
ஆடி வெள்ளி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திராமல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கிடா வெட்டு விஷயத்தில் நீங்களும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அம்மா சொன்னாள். "சரி தப்பெல்லாம் ஊருக்கு ஊர் மாறுகிற சமாச்சாரம். சாமி கேட்கிறது, கொடுக்கிறோம். நடுவில் இவன் யார்?" என்று போனில் கேட்டீர்களே, அதற்கு இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அங்கே நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளோடு இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. இன்றைக்கு இருப்பவர்கள் அந்தக் காலத்தில் வந்தவர்களின் ஐந்தாம், ஆறாம் தலைமுறை. தமிழ் பேச்சிலிருந்து போய்விட்டது, கும்பிடுவதில் இருக்கிறது. இங்கே ஆடி என்றால் குளிர்காலம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். கேழ்வரகு இல்லை, மக்காச்சோள மாவுதான். கூடவே மோரோ தயிரோ சேர்ப்பார்கள். 'பாரிட்ஜ் பிரேயர்' என்று சொன்னால்தான் இங்கு எல்லோருக்கும் புரியும். அன்றைக்குச் சில குடும்பங்கள் சேவலோ கிடாவோ கொடுக்கும். உயிர்ப்பலியை வாசலிலேயே நிறுத்திவிடும் கோயில்களும் உண்டு. அங்கே பூசணியும் எலுமிச்சையும்தான்.

அடுத்து புரட்டாசி வந்துவிட்டால், அதே குடும்பங்கள் மாதம் முழுக்கக் கறி, மீன், முட்டை தொடுவதில்லை. விரதச் சமையலுக்கென்று தனிப் பாத்திரம் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. ஆடியில் கிடா, புரட்டாசியில் பருப்பு. இதைக் கேட்டால் தம்பி 'பாசாங்கு' என்பான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புரட்டாசிக் கட்டுப்பாடு ஆட்டைப் பற்றியதே இல்லை, நம் வீட்டுச் சுத்தத்தைப் பற்றியது. ஆட்டுக்கு அதில் ஒரு மாதத் தவணை கிடைக்கிறது, அவ்வளவுதான். ஒரு விதி யாருக்காக இருக்கிறது, செய்கிறவனுக்காகவா, படுகிற உயிருக்காகவா? இதைப் பிரித்துப் பார்க்காமல் எத்தனை நாள் வாதாடினாலும் நீங்கள் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமும்தான் நிற்பீர்கள்.

இந்த நாட்டு நீதிமன்றங்களிலும் இதே இழுபறி நடந்திருக்கிறது. மிருகவதைச் சட்டம் எதற்காக என்று கேட்டபோது, பார்க்கிற மனிதர்களின் மென்மையான உணர்வு புண்படக் கூடாது என்பதற்காக என்று 1947 தீர்ப்பு ஒன்று சொன்னது. மிருகத்திடம் கொடூரமாக இருப்பவன் நாளைக்கு மனிதனிடமும் அப்படித்தான் இருப்பான், அதனால் கூடாது என்று ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் சொன்னதும் ஏறக்குறைய இதே ஜாதிதான். இரண்டிலும் ஆடு ஒரு சாக்கு. 2016 டிசம்பரில் இந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சடங்குக்காக இரண்டு ஒட்டகங்களை அறுத்த விதத்தைப் பார்த்த பிராணிகள் நலச் சங்கம், அரசு வழக்கறிஞர்கள் வழக்குப் போட மறுத்ததால், தானே வழக்கு நடத்த உரிமை கேட்டது. கிடைத்தது. நீதிபதி கம்பேபே எழுதிய தீர்ப்பில் ஒரு முக்கியமான இடம் வருகிறது: விலங்கைக் காப்பதன் காரணம் மனிதனின் ஒழுக்கத்தைக் காப்பது என்பதிலிருந்து நகர்ந்து, ஒவ்வொரு விலங்குக்கும் தன்னளவில் மதிப்பு உண்டு என்பதற்கு வந்திருக்கிறது என்கிறார். அறுபத்தொன்பது வருஷம் கழித்துத்தான் ஆடு சாக்காக இல்லாமல் ஆடாக நீதிமன்றத்துக்குள் வந்தது.

"பார்த்தாயா, 1947-ல் ஒன்று, 2016-ல் ஒன்று, அப்போது நிலையான நியாயம் எங்கே?" என்பீர்கள். நம் ஊரில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். கோயில்களில் ஆடு, கோழி பலியிடக் கூடாதென்று 1950-லேயே சட்டம் வந்து, ஏட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. 2003-ல் அரசு அதைக் கறாராக அமல்படுத்தச் சொன்னது, 2004-ல் சட்டத்தையே நீக்கியது. கிடாவும் அதேதான், அரிவாளும் அதேதான், கருப்பரும் அதே கருப்பர்தான். 2003-ல் பாவமாக இருந்து 2004-ல் புண்ணியமாகிவிட்டது என்று நீங்களே சொல்ல மாட்டீர்கள். "அந்தச் சட்டம் தப்பு" என்றுதானே அன்று திட்டினீர்கள்? சட்டம் தப்பு என்று சொல்ல, சட்டத்துக்கு வெளியே ஒரு அளவுகோல் வேண்டும். ஊருக்கு ஊர் மாறுவதுதான் நியாயம் என்றால், அன்று நீங்கள் திட்டியது எந்த அளவை வைத்து?

இன்னொன்று. ஊருக்கு ஊர் வேறுபாடு என்று நாம் நினைப்பதில் பாதி, நியாயத்தில் உள்ள வேறுபாடே இல்லை, தகவலில் உள்ள வேறுபாடு. இங்குள்ள ஜூலூ மக்களுக்கு உக்வேஷ்வாமா என்று முதல் விளைச்சல் திருவிழா ஒன்று உண்டு. அதில் இளைஞர்கள் வெறுங்கையால் ஒரு காளையைக் கொல்வார்கள். 2009-ல் அதைத் தடுக்கச் சொல்லி ஒரு விலங்குரிமை அமைப்பு பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. மனு தள்ளுபடியானது. அங்கே 'காளையைச் சித்திரவதை செய்யலாம்' என்று ஒருவரும் வாதாடவில்லை. ஒரு தரப்பு 'நீண்ட சித்திரவதை' என்றது, மறு தரப்பு 'சீக்கிரம் முடிகிறது, வதை இல்லை' என்றது. வதை கூடாது என்பதில் இரு தரப்பும் ஒன்றுதான். என்ன நடக்கிறது என்பதில்தான் சண்டை. நம் ஜல்லிக்கட்டு வழக்கிலும் பாதி வாதம் அப்படித்தானே போனது?

சரி, சாமி விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

ஒன்றைச் சாமி விரும்புவதால் அது நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் சாமி விரும்புகிறதா? சாக்ரடீஸ் கேட்டதாகப் பிளேட்டோ எழுதிவைத்து சுமார் 2400 வருஷம் ஆகிறது. முதலாவதுதான் சரி என்றால், கருப்பர் நாளைக்குப் பிள்ளையைக் கேட்டாலும் அது நல்லதாகிவிட வேண்டும். ஆனால் அப்படி ஒரு குரல் வந்தால் 'இது கருப்பர் இல்லை, ஏதோ காத்துக் கருப்பு' என்று பூசாரியைக் கூப்பிடுவீர்கள். அதாவது சாமியின் பெயரில் வருகிற உத்தரவையும் நாம் ஓர் உரைகல்லில் உரசிப் பார்க்கிறோம். "சிறுத்தொண்டர் பிள்ளைக்கறி கொடுத்தாரே?" என்பீர்கள் என்று தெரியும். அந்தக் கதையின் முடிவைக் கவனியுங்கள். சாப்பிடும் முன் பிள்ளையைக் கூப்பிடச் சொல்ல, சீராளன் பள்ளியிலிருந்து வருவதுபோல ஓடிவருகிறான். அவன் வராமல் கதை நின்றிருந்தால் எந்தத் தாயாவது அதைப் பிள்ளைக்குச் சொல்லியிருப்பாளா? சிவன் கேட்டதனாலேயே அது சரியாகிவிட்டது என்றால் சீராளன் திரும்பி வர வேண்டிய அவசியமே இல்லை. கிடா எதுவும் இதுவரை திரும்பி ஓடிவந்ததில்லை.

இதைச் சொல்வதால் சாமி இல்லை என்றாகாது. நல்லது எது என்பதைச் சாமி நம்மைவிடத் தெளிவாகப் பார்க்கலாம். ஆனால் பார்ப்பது வேறு, உண்டாக்குவது வேறு.

தம்பியிடமும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இந்தப் பத்தியை அவனிடம் காட்டுங்கள். சாமியும் இல்லை, பாவமும் இல்லை, எல்லாம் மனித உணர்ச்சி என்கிறான். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்புறம் ஏன் அப்பா செய்வது 'தப்பு' என்று தொண்டை கிழியக் கத்துகிறான்? வெறும் உணர்ச்சிதான் என்றால், குழம்பில் எனக்கு உப்பு இவ்வளவு, உனக்கு அவ்வளவு என்கிற மாதிரிதான். உப்புக்காக யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. மாக்கி என்ற ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் 1977-ல் இதை நேர்மையாக எழுதினார்: நன்மை தீமை என்று உலகத்தில் ஒன்று தனியாக இருந்தால் அது வேறெதைப் போலவும் இல்லாத விசித்திர வஸ்துவாக இருக்க வேண்டும், ஆகவே இல்லை, நாம் எல்லோரும் இருப்பதாக நினைத்துத் தவறாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார். தம்பி அவர் பக்கம் போகிறான் என்றால், அவர் கொடுத்த விலையையும் அவன் கொடுக்க வேண்டும். 'அப்பா செய்வது தப்பு' என்ற வாக்கியத்தையும் கீழே போட வேண்டும்.

எனக்கு மாக்கியைவிட வள்ளுவர் சரியென்று படுகிறது.

உண்ணாமை வேண்டும் புலாஅல் பிறிதொன்றன்
புண்ணது உணர்வார்ப் பெறின்.

பள்ளியில் ஒப்பித்த குறள்தான். இதில் 'உணர்வார்' என்ற சொல்லைப் பாருங்கள். புண் முதலில் இருக்கிறது, உணர்வது பிறகு. நான் உணராவிட்டாலும் அது பிறிதொன்றன் உடம்பில் புண்ணாகவே கிடக்கும். வலி ஒன்றும் விசித்திர வஸ்து இல்லை, யாருக்கும் வாதம் வைத்து நிரூபிக்க வேண்டியதும் இல்லை. உங்கள் முழங்கால் வலிக்கும்போது அது நிற்க வேண்டும் என்பதற்கு அந்த வலியே காரணம், ஊர் வழக்கம் இல்லை. அதே காரணம் ஆட்டின் கழுத்தில் இருக்கும்போது மட்டும் காரணமாகாது என்றால், ஏன் ஆகாது என்று சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். மீனுக்கு வலிக்குமா என்றுகூட 2003-ல் பார்த்தார்கள். டிரவுட் மீன்களின் உதட்டில் அசிட்டிக் அமிலம் செலுத்தியபோது அவை உதட்டைத் தொட்டியின் கற்களில் தேய்த்தன, மறுபடி இரை எடுக்க வெகுநேரம் பிடித்தது. மார்ஃபின் என்ற வலி மருந்தைக் கொடுத்தபோது அந்த நடத்தை குறைந்தது. ஆட்டைப் பற்றிச் சந்தேகப்பட இடமே இல்லை.

இதில் ஒரு இடத்தில் எனக்குத் தடுக்கிறது, மறைக்கவில்லை. வலியே இல்லாமல், பயமே இல்லாமல் கொன்றால்? வலியைப் பற்றி எனக்கிருக்கும் உறுதி சாவைப் பற்றி இல்லை. ஆடு நாளையை எண்ணி வாழ்கிறதா, அதன் நாளையைப் பறிப்பது எவ்வளவு பெரிய பறிப்பு, இதில் நியாயமாக யோசிப்பவர்களே பிரிந்து நிற்கிறார்கள். அதனால் தம்பி உங்களைக் கொலைகாரன் என்றது அதிகப்பிரசங்கித்தனம். மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள்.

ஆனால் வலியில்லாமல் என்பது சொல்ல எளிது. இங்கே இறைச்சிக் கூடத்தில் ஆட்டை அறுக்கும் முன் மின் இடுக்கியாலோ, முளைத் துப்பாக்கியாலோ மயக்குகிறார்கள். முளைத் துப்பாக்கியில் தோட்டா வெளியே போகாது, இரும்பு முளை ஒன்று பாய்ந்து திரும்பும். கொம்புள்ள ஆட்டுக்கு அதை நெற்றியில் வைத்தால் கெட்டியான எலும்பு தடுத்துவிடும், மயக்கம் அரைகுறையாகும். அதனால் கொம்புகளுக்குப் பின்னால், நடுவில் வைத்து, தாடையை நோக்கிச் சாய்க்க வேண்டும். பதினைந்து விநாடிக்குள் அறுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நினைவு திரும்பும் அபாயம் உண்டு. மயக்காமல் கழுத்தை அறுத்தால், இரு பக்கப் பெருந்தமனியும் ஒரே இழுப்பில் துண்டானால்தான் ஆடு சில விநாடிகளில் நினைவிழக்கும். கத்தி மழுங்கியிருந்தால் ஒரு பக்கம் தப்பும், நேரம் நீளும். மாட்டுக்கு முதுகெலும்போரம் வேறொரு வழியாகவும் மூளைக்கு ரத்தம் போவதால் இன்னும் நீளும். நம் கோயிலில் பின்கழுத்தில் அரிவாள். ஒரே வெட்டில் விழுந்தால் இதைவிட வேகம்தான். இரண்டாவது வெட்டு தேவைப்பட்ட கிடாக்களை ஊரே பார்த்திருக்கிறது. முன்னாடி நின்ற கிடா விழுவதைப் பின்னாடி நிற்கும் கிடாக்கள் பார்ப்பதும் உண்டு. பயந்து துவண்ட ஆட்டின் சதையில் சர்க்கரைச் சத்து தீர்ந்துபோவதால் கறி கறுத்து, இறுகி, சீக்கிரம் கெடும். இது கசாப்புக் கடைக்காரருக்கும் தெரியும்.

இத்தனை எழுதியும், உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இங்கிருந்து கற்றதில்லை, நம் கோயிலிலேயே இருப்பதுதான். மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கிடா துலுக்கினால்தான் வெட்டுவோம். துலுக்குவதை உத்தரவு என்கிறோம். வெறும் பண்டம் என்றால் யாராவது சம்மதம் கேட்பார்களா? பூசணிக்காயிடம் கேட்பதில்லையே. குளிர்ந்த தண்ணீர் முதுகில் பட்டால் மயிருள்ள எந்தப் பிராணியும் உடம்பைச் சிலுப்பும், அது சம்மதம் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். துலுக்காவிட்டால் துலுக்கும்வரை ஊற்றுகிறோம். கேட்ட கேள்வி உண்மையானது, எடுத்துக்கொண்ட பதில்தான் நம்முடையது. அடுத்து, கருப்பருக்கு வெட்டும்போது அய்யனார் சன்னிதியில் திரை போடுகிறோம். அய்யனார் பார்க்கக் கூடாது. ஏன் என்று தாத்தாவிடம் கேட்டால் "அவர் சைவம்" என்பார். சுத்தத்துக்காகத்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ஒரே கோயிலுக்குள் இரண்டு சாமி இருந்து, ஒருவர் முன் செய்வதை இன்னொருவர் முன் செய்யக் கூசுகிறோம். 'எல்லாம் வழக்கம்தான், சரி தப்பு ஒன்றுமில்லை' என்று அந்த வழக்கமே நினைக்கவில்லை.

நீலகேசி என்று ஒரு சமணக் காப்பியம் உண்டு. காளி கோயிலுக்கு ஆடு கொண்டுவந்தவர்களை அங்கிருந்த முனிவர் திட்டவில்லை, மண்ணால் ஆடு செய்து வையுங்கள் என்கிறார். காளிக்குக் கோபம் வருவதில்தான் கதையே தொடங்குகிறது. நம் பக்கத்தில் வேளார் மண்குதிரை செய்து அய்யனாருக்குப் புரவி எடுக்கிறார்களே, குதிரைக்கு மண் போதும் என்று ஏற்கெனவே ஒத்துக்கொண்ட சாமிதான் அவர்.

இந்த மாதப் பணம் அனுப்பிவிட்டேன். வேளாரிடம் மண்கிடா ஒன்று, இடுப்புயரத்துக்கு, கொம்போடு, என்ன விலை ஆகும், சூளை எப்போது வைக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். தம்பி தலையில் சுமந்து வருவான், கேட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்