இணையதளத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் நீங்கள் எங்களிடம் ஒப்படைத்த இணையதளத் திருப்பணி, அம்மன் அருளாலும் உங்கள் ஒத்துழைப்பாலும் நிறைவடைந்தது. என்ன செய்தோம், எங்கே தடுமாறினோம், இன்னும் என்ன பாக்கி என்பதை உங்கள் முன் வைக்கிறோம்.

பழைய தளத்தை நம் ஊர்த் தம்பி ஒருவர் பைசா வாங்காமல் செய்து கொடுத்தார். அவர் வேலைக்காக வெளிநாடு போன பிறகு அதில் ஓர் எழுத்தை மாற்றக்கூட இங்கே ஆள் இல்லை. பங்குனித் திருவிழா அழைப்பிதழ் மூன்று ஆண்டுகளாக ஒரே தேதியைக் காட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் வாடகைச் சர்வரில், தளத்தை இயக்கும் பிஎச்பி என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பை நிறுத்தினார்கள். மறுநாள் காலை முகப்பைத் தவிர எதுவும் திறக்கவில்லை. அந்தத் தம்பி மேல் எங்களுக்குத் துளியும் வருத்தம் இல்லை. சாவியை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு ஊரே திரும்பிப் பார்க்காமல் இருந்தது நம் எல்லார் குறை. அதனால் இந்த முறை எந்த மென்பொருள் என்பதற்கு முன், அதை நம்மில் எத்தனை பேர் கையாளப் போகிறோம் என்று யோசித்தோம்.

இணையதளம் கட்டி நடத்த உதவும் மென்பொருள்களான வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல் மூன்றையும் ஒரு மடிக்கணினியில் நிறுவிப் பார்த்தோம். மூன்றுமே திறமூல மென்பொருள்தான், அதாவது உள்ளிருக்கும் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். உரிமத்துக்குக் காசு கிடையாது. ஒருவரோ இருவரோ எழுதும் தளம் என்றால் வேர்ட்பிரஸ் போதும், கற்பதும் சுலபம். நமக்கோ கோயில் குழு, மண்டபக் குழு, கல்வி உதவிக் குழு என்று தனித்தனி ஆட்கள். ஒருவர் பகுதியில் மற்றவர் கை வைக்கக்கூடாது. தமிழிலும் ஆங்கிலத்திலும் வர வேண்டும். இவற்றுக்கு வேண்டியதெல்லாம், தனியாக எதையும் சேர்க்காமலே, ட்ரூபலின் அடிப்படை மென்பொருளிலேயே இருக்கிறது. கற்க நாளாகும் என்று தெரிந்தேதான் அதைத் தேர்ந்தெடுத்தோம்.

அதன் பிறப்பு பற்றிப் படித்தபோது எங்களுக்கு மனம் நிறைந்துபோயிற்று. 2000-இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் படித்த டிரீஸ் பைட்டார்ட்டும் ஹான்ஸ் ஸ்னைடரும் விடுதியில் ஓர் இணைய இணைப்பை நண்பர்களோடு பங்கிட்டுக்கொண்டார்கள். இணைப்பு எப்படி இருக்கிறது, இரவுச் சாப்பாடு எங்கே என்று எழுதிவைக்க டிரீஸ் ஒரு சின்னச் செய்திப் பலகை செய்தார். படிப்பு முடிந்து பிரிகிற நேரத்தில், தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்று அதை இணையத்தில் ஏற்றினார்கள். ‘டோர்ப்’ என்று பெயர் வைக்க நினைத்துத் தட்டச்சில் எழுத்து மாறி ‘ட்ராப்’ ஆகிவிட்டது. 2001 ஜனவரியில் மென்பொருளை எல்லாருக்கும் திறந்துவிட்டபோது, துளி என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து ட்ரூபல் என்று பெயரிட்டார்கள். முதலில் நினைத்த ‘டோர்ப்’ என்பதற்கு டச்சு மொழியில் கிராமம் என்று பொருள். ஊரை விட்டுப் போனவர்களையும் ஊரில் இருப்பவர்களையும் சேர்த்து வைக்க நாம் செய்கிற வேலைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி அமையாது என்று தோன்றியது.

இனி வேலைக்கு வருவோம். ட்ரூபலில் எழுதுவதெல்லாம் பக்கம் என்று ஒரே மாதிரி இருப்பதில்லை. உள்ளடக்க வகை என்று முதலில் வார்த்துக்கொள்ள வேண்டும். செங்கல்லுக்கு அச்சு செய்வது மாதிரி. நாங்கள் அறிவிப்பு, திருவிழா, நன்கொடை, மண்டபத் தேதி என நான்கு அச்சு செய்தோம். திருவிழா அச்சில் தமிழ் மாதம், தேதி, உபயதாரர், படம் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. ஒரு முறை நிரப்பினால் போதும். ‘வியூஸ்’ என்ற பகுதி அவற்றிலிருந்து முகப்பில் இனி வரப்போகும் திருவிழாக்களையும், உள்ளே பழைய திருவிழாக்களையும் தானே வரிசைப்படுத்திக் காட்டும். இனி தேதி கடந்த அழைப்பிதழ் முகப்பில் தொங்காது.

யாருக்கு என்ன உரிமை என்பதற்கு ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. மேலே பொறுப்புகள், இடப்பக்கம் செயல்கள், நடுவே டிக் போடும் கட்டங்கள். அந்த ஒரு திரைக்கு முன் மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தோம். குழுவினர் எழுதலாம், வெளியிட முடியாது. சரிபார்ப்பவர் பார்த்த பிறகுதான் வெளியே வரும். சங்க அலுவலகத்தில் கணக்கெழுதும் அக்கா முதல் நாளே தேர் அறிவிப்பில் காலை 6 மணியை மாலை 6 மணி என்று மாற்றிவிட்டார். முகமே வாடிப்போனது. திருத்த வரலாற்றைத் திறந்து முந்தைய வடிவத்துக்குத் திருப்பிக் காட்டினோம். அரை நிமிடம்கூட ஆகவில்லை. இன்று அவர்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

பெரும் பாடு பட்டது தமிழில்தான். பழைய தளத்தில் பாதி எழுத்து பாமினி எழுத்துருவில் இருந்தது. பார்வைக்குத் தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் கருவி தமிழைச் சரியாகவே மாற்றியது. ஆனால் நன்கொடையாளர் பட்டியலில் பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் அடித்திருந்த பட்டங்களையும் தமிழ் என்றே நினைத்துக்கொண்டது. எம்.ஏ. படித்தவர்கள் எல்லாரும் ‘ஆ.யு.’ ஆகிவிட்டார்கள். பட்டியல் முழுவதையும் பழைய ரசீதுப் புத்தகத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்தினோம். கொடுத்தவர் பெயரில் பிழை நிற்கக் கூடாது என்பதில் குழு உறுதியாக இருந்தது.

அடுத்தது தேடல். திறந்துவைப்பதற்கு முந்தைய வாரம் ஒரு பெரியவர் தேடல் பெட்டியில் ‘தை’ என்று அடித்தார். மூன்று எழுத்தாவது வேண்டும் என்று தளம் மறுத்துவிட்டது. கணினிக்கு ‘தை’ என்பது த, அதன்மேல் ஐகாரக் குறி என இரண்டு. ட்ரூபல் தேடலில் குறைந்த அளவு 3 என்று வைத்திருக்கிறார்கள். அதை 2 ஆக்கினோம். ஆக்கினால் மட்டும் போதாது, எல்லாப் பக்கத்துச் சொற்களையும் தேடலுக்காக மறுபடி அட்டவணைப்படுத்த வேண்டும். அது ‘கிரான்’ என்ற தானியங்கி வேலை ஓடும்போதெல்லாம் 100 பக்கமாக நடக்கும். அவசரப்பட்டு, மாறவில்லையே என்று அன்று ராத்திரி முழுக்கத் தேடிக்கொண்டிருந்தோம்.

அதோடு முடியவில்லை. ‘கோயில்’ என்று தேடினால் ‘கோயிலில்’, ‘கோயிலுக்கு’ என்று எழுதிய பக்கங்கள் வருவதில்லை. முழுச் சொல்லும் அப்படியே இருந்தால்தான் அது கண்டுபிடிக்கும். வேற்றுமை உருபு சேரும்போது கடைசி ல் மேலிருக்கும் புள்ளியே போய்விடுகிறது; அதனால் சொல்லின் தொடக்கம் ஒத்தால் போதும் என்று வைத்துத் தேடினாலும் ‘கோயில்’ அவற்றோடு பொருந்தாது. கோயில், கோவில் என்று இரண்டு விதமாக எழுதுபவர்களும் நம்மில் உண்டு. எனவே ‘டேக்ஸானமி’ என்ற வகைப்பாட்டை நம்பினோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் மாதம், இடம், நிகழ்ச்சி என்று ஒரு நிலையான பட்டியலிலிருந்து சொல் தேர்ந்து ஒட்டுகிறோம். தை என்ற சொல்லைச் சொடுக்கினால் தை மாதத்துப் பக்கங்கள் எல்லாம் வரும். எழுதுகிறவர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடாதீர்கள்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் 7-இல் ஒரு பெரிய ஓட்டையை அடைக்கும் பதிப்பு வெளியானது. வெளியான 7 மணி நேரத்துக்குள் அதைப் போடாத தளங்கள் தாக்கப்பட்டதாகவே கருத வேண்டும் என்று பாதுகாப்புக் குழுவே அறிவிக்க வேண்டியிருந்தது. இத்தகைய பதிப்புகள் வழக்கமாகப் புதன்கிழமைகளில் வரும். அமெரிக்க நேரப்படி என்பதால் நமக்கு இரவாகிவிடும். ஆகவே வியாழக்கிழமை காலை தளத்தைத் திறந்து பார்ப்பது குழுவில் ஒருவரின் முறை. புதுப்பிக்கும் முன் நகல் எடுத்து வைப்பதும் அவர் வேலை.

நாம் நிறுவியிருப்பது ட்ரூபல் 11. அது 2024 ஆகஸ்டில் வந்தது, பிஎச்பி 8.3 கேட்கும் என்பதால் சர்வரையும் மாற்றினோம். 7-லிருந்து 8-க்குப் போனவர்கள் தளத்தையே பெயர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. 8-க்குப் பிறகு அடுத்தடுத்த பதிப்புக்கு ஏறுவது அவ்வளவு கடினம் இல்லை; ஒவ்வொரு படியாகத் தவறாமல் ஏறினால் சரி, நடுவில் பல ஆண்டு உட்கார்ந்துவிட்டால்தான் சிரமம்.

மென்பொருள் இலவசம்தான், ஆனால் சர்வர் வாடகையும் தளப் பெயர்க் கட்டணமும் ஆண்டுதோறும் உண்டு. வரவு செலவு தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது. தளப் பெயர் இப்போது தனிநபர் பெயரில் இல்லை, சங்கத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது. கடவுச்சொற்கள் முத்திரையிட்ட இரண்டு உறைகளில், ஒன்று தலைவரிடமும் ஒன்று பொருளாளரிடமும் உள்ளன. நிர்வாகம் தெரிந்தவர்கள் இன்று மூன்று பேர். குறைந்தது ஐந்து பேர் ஆக வேண்டும். விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு மாலை அலுவலகத்துக்கு வரலாம், கணினிப் படிப்பு தேவையில்லை.

பாக்கி வேலை இரண்டு. ஆங்கிலப் பக்கங்களில் கல்வி உதவிப் பகுதி மட்டுமே முடிந்திருக்கிறது. பழைய கும்பாபிஷேக மலரை இன்னும் ஏற்றவில்லை. நம்மிடம் இருக்கும் பிரதியில் நடுப்பக்கங்கள் கரையான் அரித்துப் போயின. உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ ஒரு பிரதி இருந்தால் கொடுத்து உதவுங்கள். அன்றே படமெடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தருகிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்