தம்பிக்கு, அந்த வைட்டமின் ஊசி பற்றி

அன்புள்ள தம்பி,

சித்தப்பாவின் முப்பதாம் நாள் அன்று பாம்பனில் நீ கேட்டாயே, "வைட்டமின் சி ஊசி போட்டிருந்தா அப்பா பிழைச்சிருப்பாரா அக்கா, அந்த வீடியோவைக் காட்டியும் டாக்டர் போடலையே" என்று. அத்தனை பேர் நடுவில் எனக்கு வாய் வரவில்லை.

வீடியோவில் சொன்னது பொய் இல்லை. அமெரிக்காவில் பால் மாரிக் என்ற டாக்டர், வைட்டமின் சி, தயமின் என்ற பி1 வைட்டமின், ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்து, செப்சிஸ், அதாவது கிருமித்தொற்றை எதிர்க்கப்போய் உடம்பே தன் உறுப்புகளைக் கெடுத்துக்கொள்ளும் நிலையில் இருந்த 47 நோயாளிகளுக்குக் கொடுத்ததில் 4 பேர்தான் இறந்தார்கள், அதற்கு முந்தைய மாதங்களில் வந்த 47 பேரில் 19 பேர் இறந்திருந்தார்கள் என்று 2017இல் எழுதினார். மலிவான மருந்து வேறு. ஐசியு நர்ஸான எனக்கே அதைப் படித்தபோது ஆசை வந்தது. ஆனால் அது முன்னால் வந்தவர்களோடு பின்னால் வந்தவர்களை ஒப்பிட்ட கணக்கு. அப்புறம் குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரேசிலில் நடந்து 2020இல் வந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. 2022இல் 872 பேரிடம் வைட்டமின் சி மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வில், 28ஆம் நாளுக்குள் இறந்தவர்களோ உறுப்புகள் தேறாமல் கிடந்தவர்களோ, ஊசி போட்டவர்களில் 44.5 சதவீதம், போடாதவர்களில் 38.5. டாக்டர் மறுத்தது சரிதான் தம்பி.

சித்தப்பாவைக் கொண்டுவந்தபோது கை முழங்கை வரை வீங்கி, கருநீலக் கொப்புளம் போட்டிருந்தது. கெளுத்தி முள் குத்திய இடத்தில் சுண்ணாம்பு காய்ந்து ஒட்டியிருக்க, நான்தான் சலைன் ஊற்றித் துடைத்தேன். ஆன்டிபயாட்டிக், குளுக்கோஸ் பாட்டில் மாதிரி தொங்குமே அந்த சலைன், பிரஷரை ஏற்ற நார்அட்ரினலின் எல்லாம் உடனே ஓடியது. முள் குத்தி ஒன்றரை நாள் ஆகியிருந்தது, அவருக்கு சுகர் வேறு. செப்சிஸ் முற்றி பிரஷர் விழுந்துவிடும் செப்டிக் ஷாக்கில் ஆன்டிபயாட்டிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏறவேண்டும் என்பார்கள். உன் மேல் தப்பு சொல்லவில்லை, குளிர்காய்ச்சல் வந்ததைக்கூட அவர் யாரிடமும் சொல்லாமல் படுத்துக்கிடந்தாரே.

நீயும் கடலுக்குப் போகிறவன். முள் குத்தினால் நல்ல தண்ணீரில் கழுவு, சுண்ணாம்பு வேண்டாம். நடுக்கம் வந்தாலோ, சின்னக் காயத்துக்குத் தாங்கமுடியாத வலி வந்தாலோ, நடுராத்திரி ஆனாலும் 108ஐக் கூப்பிடு, எனக்கும் போன் போடு. உனக்கும் சுகர் 240 இருக்கிறதாம், சித்தி சொன்னாள். மாத்திரையை நிறுத்திவிட்டாயா?

அக்கா