போட்டோகிராபர்கள் சங்க ஆண்டறிக்கை: பெரியவர்களின் படங்களோடு ஒரு வருஷம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, கும்பகோணம், பாபநாசம், வலங்கைமான் பக்கமிருந்து வந்திருக்கும் ஸ்டுடியோ உரிமையாளர்களே, அவுட்டோர் எடுக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் அட்டைகள் புதுப்பிக்கப்பட்டன. ஆகஸ்ட் 19 அன்று உலகப் புகைப்பட தினம் கொண்டாடினோம். 1839இல் லூயி டாகேர் கண்டுபிடித்த, படத்தை உலோகத் தகட்டில் பதிக்கும் முறை பாரிசில் பகிரங்கமாக வெளியிடப்பட்டது அந்தத் தேதியில்தான். ஐப்பசி மழைக்கு முன்னால் லென்ஸ் பராமரிப்பு வகுப்பு நடந்தது. நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது தெரிந்த கதை. லென்ஸைத் தோல் உறையிலேயே மூடி வைக்காதீர்கள், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் மாற்றிவிடுங்கள் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.

இனி, இந்த ஆண்டு செய்ததிலேயே முக்கியமானது என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். மாதக் கூட்டத்தில் புதுக் கேமரா விலையும் ஆல்பம் ரேட்டும் பேசிக் கலைந்துபோவதை நிறுத்தி, மாதம் ஒரு பெரிய புகைப்படக்காரரின் படங்களைப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். படத்தைச் சுவரில் விடுவோம், கொஞ்ச நேரம் யாரும் பேசக்கூடாது. அப்புறம் வெளிச்சம் எந்தப் பக்கம், எடுத்தவர் எங்கே நின்றார், எதை வெளியே விட்டார் என்று பேசுவோம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் அறை நிறைந்தது. ஆவணியில் ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள், ஆனாலும் நடத்தினோம். ஒருவருடைய பாணி என்பது எடிட்டிங்கில் அவர் போடும் ப்ரீசெட் என்ற ரெடிமேட் நிற அமைப்பு அல்ல, அவர் திரும்பத் திரும்ப எடுக்கும் முடிவுகள்தான் என்பது இந்தக் கூட்டங்களில் எனக்குத் தெளிவாயிற்று.

நம் மண்ணிலிருந்தே தொடங்கினோம். லின்னேயஸ் ட்ரைப் ராணுவ அதிகாரி, 1856இல் மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். அவருடைய தஞ்சாவூர், திருவையாறு படங்கள் 1858இல் தொகுப்பாக வந்தன. பெரிய கோயில் விமானத்தின் அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்து, 21 பிரிண்ட்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்று செல்போனைச் சுழற்றினால் வந்துவிடும் பனோரமா அது. அன்றைக்கு ஒவ்வொரு துண்டுக்கும் கனமான பெட்டிக் கேமராவை நகர்த்தி, அதே தூரத்தில் நிறுத்தி, வெளிச்சம் மாறுவதற்குள் முடிக்க வேண்டும்.

அன்றைய கூட்டத்தில் ஒரு வாக்குவாதமும் தீர்ந்தது. எடிட்டிங்கில் வானத்தை மாற்றுவது தப்பா என்று நம்மில் சிலர் வெகுநாளாகச் சண்டை போட்டு வந்தோம். அந்தக் காலத்து ரசாயனத்தில் நீலம் சட்டென்று பதியும், பச்சை பதிய நேரமாகும். அதனால் வானம் வெறும் வெள்ளையாகவும் மரம் கறுப்புத் திட்டாகவும் விழும். ட்ரைப் நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி மேகத்தையும் இலைகளையும் வரவழைத்தார். கண்ணால் கண்டதை ரசாயனம் தரவில்லை, கை கொடுத்தது. ஆனால் கல்வெட்டுப் படங்களின் மதிப்பே எழுத்து எழுத்தாக உள்ளபடி பதிந்திருப்பதில்தான் இருக்கிறது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது படம் எதற்காக என்பதைப் பொறுத்தது என்று பெரும்பாலோர் ஒத்துக்கொண்டார்கள்.

அமெரிக்க இயற்கைக் காட்சிப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் பற்றிய கூட்டம்தான் தொழிலுக்கு நேரடியாக உதவியது. 1927இல் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் பாறையை எடுக்கப் போனவரிடம் கடைசியில் மிஞ்சியது இரண்டே கண்ணாடித் தகடுகள். ஒன்றை மஞ்சள் பில்டரில் எடுத்தார். மனசில் இருந்த கறுத்த வானம் அதில் வராது என்று பட்டதும் அடுத்ததற்கு நீல வானத்தைக் கறுக்க வைக்கும் அடர் சிவப்பு பில்டர் போட்டார். பிற்பாடு பிரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து, கறுப்பிலிருந்து வெள்ளை வரை வெளிச்சத்தை 0 முதல் 10 வரை படிகளாகப் பிரிக்கும் ஜோன் முறையை உருவாக்கினார். அதை நம் மணமேடைக்குக் கொண்டுவந்து பார்த்தோம். வெள்ளை வேட்டியின் வெளிச்சத்தை மட்டும் அளந்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும், மாப்பிள்ளையின் மாநிற முகம் இருண்டுபோகும். லென்ஸை இரண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு வெளிச்சம் வரும்படி, திறந்தால் வேட்டி வெள்ளையாகவும் இருக்கும், அதன் மடிப்பும் தெரியும். முகத்தை எடிட்டிங்கில் வெளுக்க வைக்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. நம் ஜனங்களின் நிறத்தை நிறமாகவே காட்டுவோம்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் டொரோதியா லாங்கேயின் படங்களைப் பார்த்த அன்று யாரும் சீக்கிரம் எழுந்து போகவில்லை. 1936இல் கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்த கூலிக் குடும்பங்களின் முகாமில் எடுத்த தாயின் படம். தள்ளி நின்று கூடாரத்தோடு எடுக்கத் தொடங்கி, படிப்படியாக நெருங்கிப் போகிறார். கடைசியில் தாயின் முகமும் கன்னத்தருகே ஒரு கையும்தான். இரண்டு பக்கமும் பிள்ளைகள் முகம் திருப்பிக்கொண்டு அவர் தோளில் சாய்ந்திருக்கிறார்கள். ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்ற அவர் பெயர் 1978இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று அவர் மனம் நொந்து சொன்னார். குறுவை நடவு வந்துவிட்டால் நாமும்தான் வரப்பில் இறங்கி, குனிந்து நிற்கும் பெண்களை எடுத்துப் போட்டிக்கு அனுப்புகிறோம். கேட்டு எடுப்பது, பெயரை எழுதிக்கொள்வது, ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கையில் கொடுப்பது என்று அன்றே தீர்மானம் போட்டோம். இதை உறுப்பினர்கள் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும்.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன், போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாகக் கேண்டிட் எடுக்கும் தம்பிகளுக்குப் பிடித்தவர். கையடக்கமான லைக்கா கேமரா, பெரும்பாலும் 50 எம்எம் லென்ஸ், பிளாஷ் கிடையாது. 1948 ஜனவரி 30 அன்று, சுடப்படுவதற்குச் சற்று முன் காந்தியைச் சந்தித்தவர். 1950 ஏப்ரலில் ரமணரின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்தவர். பின்னணியை முதலில் பார்த்து வைத்துக்கொண்டு ஆள் வரும்வரை காத்திருப்பது அவருக்குக் கைவந்த கலை. பட்டனை அழுத்திப் பிடித்து பர்ஸ்ட்டில் வரிசையாகப் படங்களை அள்ளித் தள்ளிவிட்டு ராத்திரி முழுக்கத் தேர்வு செய்யும் நமக்கு அது நல்ல பாடம்.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா, வண்ணப் படங்கள் எடுத்த ரகுபீர் சிங், மென்மையான போகஸில் முகங்களை எடுத்த ஜூலியா மார்கரெட் கேமரன் ஆகியோருக்கு ஒரே கூட்டத்தில் நேரம் ஒதுக்கியது போதவில்லை. ரகுபீர் சிங்கின் வண்ணங்களுக்குத் தனி மாதமே வேண்டும். தஞ்சாவூரில் 1932இல் பிறந்து, பறவைப் படங்களால் பேர் வாங்கிய டி.என்.ஏ. பெருமாளை நம் இளைஞர்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அடுத்த ஆண்டு அவரிலிருந்து தொடங்கலாம் என்பது செயற்குழுவின் கருத்து.

ட்ரைப் நின்ற இடங்களில் நாமும் நின்று பெரிய கோயிலை எடுப்பது என்ற திட்டமும் உண்டு. ஸ்டாண்ட் வைத்து எடுக்க தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும், விண்ணப்பத்தைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். கலந்துகொள்கிறவர்கள் இன்றே பெயர் கொடுத்துவிடுங்கள். படங்கள் ஹார்ட் டிஸ்கில் தூங்கக்கூடாது, ஒவ்வொருவரும் பிரிண்ட் போட்டுத் தர வேண்டும். பிரிண்ட் செலவில் ஒரு பங்கைச் சங்கம் ஏற்கலாமா என்று இந்தப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்