காட்டு வாத்துக் கறியில் அப்படி என்ன இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்து ஏரி குளங்கள் நிரம்பியதும் எங்கள் பக்கம் சிறகி, கிளுவை போன்ற காட்டு வாத்துகளைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பிவிடும். சிறகி இரண்டு சாப்பிட்டால் மூட்டுவலி போகும், வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கிளுவைக் கறி கொடுத்தால் ரத்தம் ஊறும், மூச்சிரைப்புக்கு அதைவிட மருந்து கிடையாது என்பார்கள். நான் மன்னார்குடி வட்டாரத்தில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது பெருமைப்பட்டவர்களே மாலையில் சாலையோரம் உரித்து விற்கும் பறவைக் கறியை வாங்கிப் போவதைப் பார்க்கிறேன். வாங்குகிறவர்களில் பலர் வீட்டிலுள்ள நோயாளிக்காக வாங்குகிறவர்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்தக் கறியில் இருக்கும் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு 'சாப்பிடாதே' என்று மட்டும் சொன்னால் யார் கேட்பார்கள்?

கோழியின் நெஞ்சுக்கறி வெளுப்பாக இருக்கும், காட்டு வாத்தின் நெஞ்சுக்கறி ஈரல் நிறத்தில் இருக்கும். கோழி எப்போதாவது வேலி தாண்டப் பறப்பதோடு சரி. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் இறக்கை அடித்தே நம் வயலுக்கு வந்து சேருகின்றன. அவ்வளவு நேரம் ஓயாமல் உழைக்கும் தசைக்கு ஆக்ஸிஜன் வேண்டும். அதைப் பிடித்து வைக்கும் மையோகுளோபின் என்ற புரதம் அந்தத் தசையில் நிறைய இருக்கிறது. அதில் இரும்பு உண்டு. கறியின் சிவப்பும், ஈரல் போன்ற அந்த வாடையும் அதனால் வருபவை. இறைச்சியில் உள்ள இந்த வகை இரும்பைக் கீரையில் உள்ளதைவிட நம் குடல் எளிதாக எடுத்துக்கொள்ளும். ஆகவே 'ரத்தம் ஊறும்' என்ற பேச்சுக்கு அடிப்படை இருக்கிறது.

எவ்வளவு ஊறும் என்பதுதான் கேள்வி. அமெரிக்க வேளாண் துறையின் உணவுச்சத்துப் பட்டியலில், தோல் நீக்கிய காட்டு வாத்து நெஞ்சுக்கறி 100 கிராமில் புரதம் சுமார் 20 கிராம், கொழுப்பு 4 கிராமுக்குச் சற்று மேல், இரும்பு 4.5 மில்லிகிராம். வளர்ப்பு வாத்தைத் தோலோடு எடுத்தால் 100 கிராமில் புரதம் 11.5 கிராம்தான், கொழுப்போ 39 கிராம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் காட்டு வாத்து அமுதம் மாதிரி தெரியும். ஆனால் அதே வளர்ப்பு வாத்தின் தோலை உரித்துவிட்டால் புரதம் 18 கிராமுக்கு ஏறுகிறது, கொழுப்பு 6 கிராமுக்கு இறங்குகிறது. வாத்தின் கொழுப்பில் பெரும்பகுதி தோலுக்கு அடியில் படிந்திருப்பதால்தான் இந்த மாற்றம். இதுவும் அங்கே கொழுக்க வளர்க்கும் வாத்துக்கான கணக்கு. அறுவடை முடிந்த தாளடி வயலில் நத்தையும் உதிர்ந்த நெல்லும் பொறுக்கித் திரியும் நம் மேய்ச்சல் வாத்து அந்த அளவுக்குக் கொழுப்பதில்லை.

இரும்பில் மட்டும் காட்டு வாத்து நன்றாகவே மேல்; வளர்ப்பு வாத்தில் 2.4 மில்லிகிராம். ஆனால் கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழி ஈரல் 100 கிராமில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் இருக்கிறது, காட்டு வாத்தைப்போல் இரண்டு மடங்கு. தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அவர்களுக்கு வேண்டியது வாரம் தவறாமல் கிடைக்கும் உணவு. கூடவே, சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரை. (கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை மருத்துவரைக் கேட்டு அளவோடு எடுக்க வேண்டும், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.) நீலச்சிறகியின் எடையே 300, 400 கிராம்தான். இறகு, தலை, கால், குடல் எல்லாம் போனால் தட்டில் என்ன மிஞ்சும்? மூட்டுவலியையும் மூச்சிரைப்பையும் தீர்க்கும் தனிச்சத்து எதுவும் அந்தக் கறியில் இல்லை. யூரிக் அமிலத்தால் மூட்டுவலி வந்தவர்களுக்கு இப்படிப்பட்ட கறி வலியைக் கூட்டத்தான் செய்யும்.

ருசியும் எல்லாப் பறவையிலும் ஒன்றாக இருக்காது. நெல் தின்ற ஊசிவால் வாத்து ஒரு மாதிரி, தண்ணீரை வடிகட்டிச் சிறு பூச்சிகளையும் கூனிகளையும் தின்னும் தட்டைவாயன் வாத்து வேறு மாதிரி. இரையின் வாடை கொழுப்பில் தங்கும். அதே கொழுப்பில்தான் தண்ணீரில் கலந்த சில ரசாயனங்களும் தங்கும். வேட்டைக்கு அனுமதி உள்ள அமெரிக்காவிலேயே, நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை காட்டு வாத்தின் தோலையும் கொழுப்பையும் முழுக்க நீக்கிவிட்டுத்தான் சமைக்கச் சொல்லியிருக்கிறது.

நம் ஊரில் இதைவிடப் பெரிய ஆபத்து, அந்தப் பறவை எப்படிச் செத்தது என்பதில் இருக்கிறது. ஏர்கன்னில் சுட்டதானால் ஈயம். குண்டை எடுத்துவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாத துகள் கறியில் நிற்கும், குழந்தைகளின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. அமெரிக்கா 1991இலேயே நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டை நாடு முழுக்கத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சதுப்பு நிலங்களில் 2023 முதல் தடை.

குண்டுக் காயமே இல்லாத பறவை என்றால் எனக்குப் பயம் இன்னும் அதிகம். நெல்லில் குருணை மருந்தை, அதாவது பயிருக்குப் போடும் பூச்சிமருந்தை, கலந்து வரப்போரம் தூவிவிடுகிறார்கள். தின்ற பறவை தள்ளாடி விழுந்ததும் கழுத்தை அறுத்து, உரித்து, மஞ்சள் தடவி விற்றுவிடுகிறார்கள். நான் வேலையில் இருந்தபோது ஒரு மார்கழிக் காலையில் விவசாயி ஒருவர் தன் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது, உடம்பெல்லாம் தசை துடித்தது, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. பூச்சிமருந்து விஷம் என்று பார்த்ததுமே தெரிந்தது. அதற்கு மாற்று மருந்தான அட்ரோபின் போட்டும் பிழைக்கவில்லை. விசாரித்தால், முந்தின நாள் தெருமுனையில் பறவை சுத்தம் செய்து வீசிய குடலைத் தின்றிருக்கிறது. அந்தப் பறவைகளின் கறி அன்று இரவே அந்தத் தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் குழம்பாகியிருந்தது. ஒவ்வொரு வீடாகப் போய், குழந்தைகளுக்கு வாந்தி, தலைசுற்றல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்தேன். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஈரலையும் குடலையும் தனியாக வறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

நன்றாக வேகவைத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: சூடு கிருமியைக் கொல்லும். 70 டிகிரிக்கு மேல் முழுக்க வெந்த கறியில் பறவைக் காய்ச்சல் கிருமி நிற்காது. ஈயம் அப்படிப் போவதில்லை, பூச்சிமருந்து போய்விடும் என்று நம்பி உட்காரவும் முடியாது. பறவைக் காய்ச்சலிலும் ஆபத்து அடுப்புக்கு முன்பே தொடங்குகிறது, இறகு பிடுங்கும்போதும் குடல் எடுக்கும்போதும். காட்டு வாத்துகள் நோய் தெரியாமலே அந்தக் கிருமியைச் சுமக்கும். கேரளத்தின் குட்டநாட்டில் 2014இலும் 2021இலும் இந்தக் காய்ச்சலால் வளர்ப்பு வாத்துகளைக் கூட்டம் கூட்டமாக அழிக்க வேண்டி வந்ததை மறக்கக் கூடாது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். உரிமம் வாங்கி வேட்டையாடும் ஏற்பாடும் 1991இல் எடுக்கப்பட்டுவிட்டது. வனத்துறையினர் ஏரிக்கரையில் ரோந்து போகிறார்கள், பாராட்டுகிறேன். ஆனால் கறி கைமாறுவது சாலையோரத்தில். உரித்த பிறகு சிறகியா, மடையானா, கொக்கா என்று வாங்குகிறவருக்கும் தெரியாது. ஐப்பசி முதல் மாசி வரை உணவுப் பாதுகாப்புத் துறையும் கால்நடைத் துறையும் வனத்துறையோடு சேர்ந்து அந்த இடங்களில் மாலை நேரத்தில் சோதனை செய்ய வேண்டும், பிடிபடும் கறியை ஆய்வகத்துக்கு அனுப்பி, கண்டுபிடித்ததைத் தங்களைப் போன்ற நாளிதழ்கள் வழியாக மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

வாத்துக் கறிதான் வேண்டும் என்பவர்களுக்குத் தை, மாசியில் அறுவடை வயல்களில் மேய்ச்சல் வாத்துக் கூட்டம் கிடை போட்டிருக்கும். மேய்ப்பவரிடம் நேராகப் போய், துறுதுறுவென்று நடமாடும் வாத்தாகப் பார்த்து உயிரோடு வாங்குங்கள். தோலை உரித்துத் தரச் சொல்லுங்கள். மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப்போட்டு, கோழியைவிடக் கூடுதல் நேரம் வேகவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்,
மன்னார்குடி.